ஒலிவா, வெரளுவா? மலைநாட்டு வீட்டுக்கு எந்த மரம்

போன வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் அண்ணி ஹட்டனிலிருந்து போன் பண்ணினார். "தம்பி, ஒலிவ் கன்னு ஒன்னு வாங்கிட்டேன். வீட்டுக்கு முன்னால நடவா, பின்னால நடவா?"

அண்ணி பதினொரு வருடம் லெபனானில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். காலையில் ரொட்டியோடு ஒலிவ் காய் எடுத்து வைப்பது, காய் முற்றும் காலத்தில் அந்த வீட்டுக்காரர்களோடு ஊருக்குப் போய் மரத்தடியில் துணி விரித்துக் காய் உதிர்ப்பது எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். திரும்பி வந்து, லயத்தை விட்டு 7 பேர்ச் காணியில் தனி வீட்டுக்குக் குடிபோனதும், முற்றத்தில் அந்த மரம் ஒன்று நிற்க வேண்டும் என்று ஆசை. நியாயமான ஆசைதான்.

கன்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. உள்ளங்கை நீளத்துக்கு அகன்ற இலை, விளிம்பெல்லாம் சின்னச் சின்னப் பல், அடியில் இரண்டு முதிர்ந்த இலை செக்கச் சிவந்து தொங்குகிறது. அது வெரளு, அச்சாறு போடுகிற நம் ஊர்க் காய்மரம். விற்றவர் 'சிலோன் ஒலிவ்' என்று அட்டை கட்டி, காயிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அட்டையில் பொய்யில்லை, வெரளுவுக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு. எண்ணெய்க் கதைதான் சுத்தப் புளுகு.

நான் பண்டாரவளையில் ஏழு வருடமாக ஒரு ஒலிவ் மரத்தைத் தொட்டியில் வளர்க்கிறேன். அதற்கு முன் ஒன்றைக் கொன்றும் இருக்கிறேன். இதனால் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாரும் இந்தக் கேள்வியை என்னிடமே கொண்டுவருகிறார்கள்: ஒலிவை நிலத்தில் வைப்பதா, தொட்டியில் வைப்பதா, அல்லது பேசாமல் வெரளுவையே வைத்துவிடுவதா? எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. வீடு மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது, மரத்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்ற இரண்டைப் பொறுத்தது.

முதலில் கன்றை அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள்

ஒலிவுக்கும் வெரளுவுக்கும் காயின் தோற்றத்தைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலிவ் மல்லிகைக் குடும்பம். நம் பவளமல்லியும் அதே குடும்பம்தான். வெரளுவோ ருத்திராட்ச மரத்தின் பேரினம். வெரளுவைச் சப்பித் துப்பிய கொட்டையைக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள், மேடு பள்ளமான அந்தக் கொட்டையில் ருத்திராட்சத்தின் சாயல் தெரியும். வெரளுவின் விஞ்ஞானப் பெயர் எலியோகார்பஸ் செரட்டஸ். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'ஒலிவ் காய்' என்று பொருள். பெயர் வைத்தவரும் காயைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார், அந்தக் குழப்பம் இன்றைக்கு நர்சரி அட்டை வரை வந்து நிற்கிறது.

கடையில் ஏமாறாமல் இருக்க இலையைப் பாருங்கள். ஒலிவ் இலை ஒடுங்கி, ஒரு விரலை விட மெல்லியதாக, தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். மேலே மங்கிய பச்சை, திருப்பினால் சாம்பல் வெள்ளி. கிளையில் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும், விளிம்பில் பல் இருக்காது. வெரளு இலை அகலமானது, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வரும், பழுத்தால் சிவக்கும். இது தெரிந்தால் அட்டையைப் படிக்கவே தேவையில்லை.

இன்னொன்று. போத்தலில் வரும் உப்பு ஒலிவ் காயைத் தின்றுவிட்டுக் கொட்டையை நடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா தயிர்ச் சட்டியில் ஒன்பது கொட்டை போட்டு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றினார். பதப்படுத்திய காயின் உள்ளே முளை செத்துப்போயிருக்கும். கடைசியில் அந்தச் சட்டியில் வந்தது ஒரு தக்காளிச் செடி.

மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது

ஒலிவ் என்றால் குளிர்தேசத்து மரம், ஆகவே நுவரெலியாதான் அதற்குச் சரி என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் அதற்கு ஒரு பிரச்சினையே இல்லை. முதிர்ந்த மரம் பூச்சியத்துக்குக் கீழே சில பாகை வரை தாங்கும். தை மாதத்தில் நுவரெலியாவில் தேயிலையைக் கருக்கும் உறைபனி அதை ஒன்றும் செய்யாது. ஒலிவை இங்கே கொல்வது தண்ணீர்.

அது பிறந்து வளர்ந்த மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்யும். லெபனானில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்ட ஒரு சொட்டும் விழாது. ஒலிவ் விளையும் பல ஊர்களில் வருடம் முழுவதற்கும் 400 முதல் 700 மில்லிமீற்றர்தான் மழை. நுவரெலியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 1900 மில்லிமீற்றர். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் 5000ஐத் தாண்டும். அதுவும் எந்த மாதங்களில்? லெபனானில் மரம் காய்ந்த மண்ணில் வெயில் காயும் அதே ஜூன், ஜூலையில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாவில் தென்மேல் பருவக்காற்று அடைமழையாகக் கொட்டும். அண்ணியின் மரம் தன் கோடைகாலத்தைத் தண்ணீருக்குள் கழிக்க வேண்டியிருக்கும்.

மலையின் மறுபக்கம் கதை வேறு. ஊவாவில், அதாவது பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளையின் கிழக்குச் சரிவு, பதுளை ஆகிய இடங்களில் பெரிய மழை ஐப்பசியிலிருந்து தை வரை. ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் மணம் அந்தக் காற்றில்தான் ஏறுகிறது. குளிர்காலத்தில் மழை, ஆண்டின் நடுவில் வறட்சி என்று பார்த்தால் ஊவாவின் நாட்காட்டி லெபனானின் நாட்காட்டிக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. பங்குனி சித்திரையில் இடியோடு வரும் மழை மட்டும் கணக்கைக் கெடுக்கும். ஆக, எளிய அளவுகோல் ஒன்று: உங்கள் ஊர்த் தேயிலை ஆடி ஆவணியில் நல்ல விலைக்குப் போகுமானால் ஒலிவ் பற்றி யோசிக்கலாம். தை மாசியில்தான் நல்ல விலை என்றால் நீங்கள் மேற்குப் பக்கத்து ஆள், நிலத்தில் வைக்கும் நினைப்பை விட்டுவிடுங்கள்.

காய் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். ஒலிவில் பூமொட்டு உண்டாக, பல வாரங்களுக்கு இரவுகள் 10 பாகை செல்சியஸ் பக்கம் இறங்க வேண்டும். எந்நேரமும் 16 பாகைக்கு மேலேயே இருந்தால் மரம் இலைவிட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. அந்தக் குளிர் 6000 அடிக்கு மேலே உள்ள நுவரெலியாவில் மார்கழி தையில் கிடைக்கிறது. பூத்த பிறகு காய் பருத்து முற்ற நீண்ட, சூடான கோடை வேண்டும். அது நுவரெலியாவில் இல்லை, அங்கே பகலில்கூட 20 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். சூடு 2200 அடியில் பதுளையில் இருக்கிறது, ஆனால் அங்கே இரவு குளிராது. மத்தியதரை நாட்டில் குளிரும் கோடையும் மரத்தைத் தேடி மாதத்துக்கு மாதம் வரும். நம் ஊரில் குளிர் மேலே, கோடை கீழே. மரம் ரயிலேறிப் போய் வர முடியாது. (தொட்டியில் இருந்தால் லொறியில் ஏற்றலாம் என்று என் மகன் சொல்கிறான். கூலியை யார் கொடுப்பது?)

அதனால் ஒலிவை இலைக்காகவும் அடிமரத்துக்காகவும் வையுங்கள். காய் வந்தால் அதிர்ஷ்டம். என்னுடையது ஏழு வருடத்தில் ஒரே ஒரு முறை, ஒரு மாசிக் கடைசியில், இலைக்கக்கத்தில் கடுகு மாதிரி வெள்ளை மொட்டுக் கொத்துகள் விட்டது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒலிவ் பூவுக்குக் காற்றுதான் மகரந்தம் தூக்கும். பங்குனியில் நாலு நாள் பின்னேர மழை, தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் வெள்ளைப் பொடி. அவ்வளவுதான்.

நிலத்தில் வைப்பதென்றால்

ஊவாப் பக்கத்தவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. மேற்குப் பக்கத்தவர்கள் அடுத்ததுக்குப் போகலாம்.

முதலில் மண் தண்ணீரை விடுகிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிக் குழி வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விட்டு, மறுபடி ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் அடியில் தண்ணீர் கிடந்தால் அந்த இடம் ஆகாது. மலைச்சரிவில் இருப்பது நமக்கு ஒரு வசதி. கன்றுக்கு மேற்புறம் தேயிலை மலையில் வெட்டுவதைப் போலக் குறுக்காக ஒரு கான் (வடிகால்) வெட்டி, மேலேயிருந்து வரும் தண்ணீரை ஒதுக்கிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். குழிக்குள் நடாதீர்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு மண்மேடு குவித்து அதன் உச்சியில் நடுங்கள்.

இரண்டாவது, மண்ணின் புளிப்பு. தேயிலைக்குப் பிடித்த மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. ஒலிவ் 6க்கு மேலே, 8 வரை கேட்கும். நூறு வருடம் தேயிலை நின்ற மண்ணில் நேரே ஒலிவை வைத்தால் அது சாகவும் செய்யாது, வளரவும் செய்யாது. கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போடுகிற அதே டொலமைட் சுண்ணாம்புப் பொடிதான் மருந்து. மேடு குவிக்கும்போதே மண்ணோடு கலந்து, இரண்டு மாதம் கிடக்கவிட்டு நடுங்கள். பிறகு வருடத்துக்கு ஒரு முறை சுற்றித் தூவி விடலாம். தேயிலை உரக் கலவையை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். அதில் தழைச்சத்துத்தான் தூக்கல், ஒலிவ் சதசதவென்று மெல்லிய கிளையாக நீண்டு ஊவாக் காற்றில் முறியும்.

காற்றுக்கு முதல் மூன்று வருடம் ஒரு முட்டுக்கம்பு கட்டாயம். சவுக்கு மர நிழலில் நடாதீர்கள், ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

இனி மழைக்காலத்து நோய். ஒலிவ் இலையில் வட்டமாக, கறுப்பும் பழுப்புமாக, சுற்றி மஞ்சள் வளையத்தோடு புள்ளி விழும். மயில் தோகைக் கண் மாதிரி இருக்கும், அதனால் ஒலிவ் நாடுகளில் அதற்கு மயிற்கண் நோய் என்றே பெயர். இது ஒரு பங்கசு, அதாவது பூஞ்சணம். இலை நனைந்தே கிடந்து, வெப்பம் 15க்கும் 20க்கும் இடையில் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். அதாவது நம் மலைநாட்டுச் சாதாரண நாள்தான். தேயிலைக் கொப்புள நோயைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வைத்தியமும் அதே வழிதான்: மழை தொடங்கும் முன் செப்புப் பங்கசுநாசினி ஒரு தெளிப்பு, உள்ளே காற்றுப் போகும்படி கிளை திறந்துவிடுவது, விழுந்த இலையைக் கூட்டி எரிப்பது.

கிளை திறப்பது என்றதும் ஒரு எச்சரிக்கை. நம் ஆட்களுக்குக் கவ்வாத்து என்றால் மட்டமாக ஒரே உயரத்தில் வெட்டுவது. என் நண்பர் வெலிமடையில் நட்ட மரத்துக்கு ஓய்வுபெற்ற கவ்வாத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் அழகாக, நூல் பிடித்த மாதிரி, மேசை போலத் தறித்துவிட்டுப் போனார். ஒலிவுக்கு அது உதவாது. நடுவில் வளரும் கிளைகளை எடுத்துக் கிண்ணம் மாதிரித் திறக்க வேண்டும். பூ முந்தின வருடம் வளர்ந்த கிளையில்தான் வரும், வருடா வருடம் நுனியை வெட்டினால் வருகிற பூவையும் சேர்த்து வெட்டுகிறோம் என்று அர்த்தம்.

வகை என்று பார்த்தால் அர்பெக்கினா, கொரனைக்கி இரண்டும் சிறிய காய், குறைந்த குளிரிலும் பூக்கக்கூடியவை. அர்பெக்கினா தனி மரமாக நின்றும் காய்க்கும். கேட்டு வாங்க முடிந்தால் அதைக் கேளுங்கள். 'ஒலிவ்' என்று மட்டும் சொல்லி விற்றால் அது விதைக்கன்றா, வெட்டுத்தண்டில் வந்த கன்றா என்றாவது கேளுங்கள். விதைக்கன்று காய்க்கப் பல வருடம் எடுக்கும், தாய் மாதிரியும் இருக்காது.

தொட்டி

எனக்கு இதுதான் சரிப்பட்டது. மலைநாட்டில் பெரும்பாலானவர்களுக்கும் இதையே சொல்வேன். காரணம் ஒன்றுதான்: மழையை நாம் நிறுத்த முடியாது, ஆனால் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்தலாம்.

என் முதல் மரம் செத்த கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். அழகான பீங்கான் தொட்டி, அடியில் ஒரே ஓட்டை, அதற்குக் கீழே தரை அழுக்காகக் கூடாது என்று ஒரு தட்டு. மண்ணோ கறிவேப்பிலைக்குப் போட்ட அதே கறுப்பு மண். கார்த்திகை மழையில் தட்டு எந்நேரமும் நிறைந்து கிடந்தது. இலை நுனி வாடியதும், தண்ணீர் போதவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மார்கழியில் இலை மஞ்சளாகி, கிளையை லேசாக ஆட்டினாலே உதிர்ந்தது. தையில் பிடுங்கிப் பார்த்தேன். நனைந்த சாக்கு நாற்றம். வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி வழுக்கிக் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் கையில் நின்றது. வேரழுகிய மரமும் தாகத்தில் வாடும் மரமும் இலையில் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் இலையைப் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் வாளியைக் கீழே வையுங்கள்.

இரண்டாவது மரத்துக்கு வாய் ஒன்றரை அடி அகலமான மண்தொட்டி. அடியில் நாலு ஓட்டை, தட்டு கிடையாது. மூன்று செங்கல் துண்டு மேல் உயர்த்தி வைத்திருக்கிறேன். மண் இரண்டு பங்கு, கரடான ஆற்று மணல் ஒரு பங்கு, சல்லிக் கற்பொடி ஒரு பங்கு, மக்கிய கொம்போஸ்ட் அரைப் பங்கு, கூடவே ஒரு பிடி டொலமைட். மழைக்காலத்தில் தெற்குப் பார்த்த தாழ்வாரத்தின் ஓரத்தில், தகரத்துச் சாரல் படாத தூரத்தில் நிற்கும். தை பொங்கல் முடிந்து வெயில் வந்ததும் முற்றத்துக்கு இழுத்துவிடுவோம். ஊவாவில் வறண்ட மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறை நன்றாக ஊற்றுவேன், அடியில் வடியும் வரை. மழை மாதங்களில் சில வேளை மூன்று வாரம் ஊற்றவே மாட்டேன். ஹட்டன் பக்கம் என்றால் வைகாசி தொடங்கி ஐப்பசி வரை கூரையடியில்தான் வைக்க வேண்டியிருக்கும். வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது.

வீட்டுக்குள், சோபா பக்கத்தில் வைக்கிற வேலை வேண்டாம். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், இரண்டு மாதத்தில் இலை கொட்டி விளக்குமாறு மாதிரி நிற்கும்.

மற்ற வேலை அதிகமில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, சுற்றி ஓடிய வேரைக் கொஞ்சம் சீவி, புது மண் போட்டு வைக்க வேண்டும். எறும்பு ஏறினால் இலைக்கடியில் செதில் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். தொட்டி மரம் பெரிதாகாது. அண்ணி நினைவில் வைத்திருக்கிற, இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற மாதிரி முறுக்கிய அடிமரம் தொட்டியில் கிடைக்காது. என்னுடையது என் நெஞ்சு உயரம். அடியை மணிக்கட்டோடு வைத்துப் பார்த்தால் ஒரே மொத்தம். ஏழு வருடத்தில் அவ்வளவுதான்.

வெரளு

தின்னக் காய் வேண்டும் என்றால் வெரளுதான், இதில் போட்டியே இல்லை. ஆனால் வீடு கீழே இருக்க வேண்டும். கண்டி, மாத்தளை, நாவலப்பிட்டி மாதிரியான 1200 முதல் 2000 அடி உயரங்களில் அது கேட்பாரற்று வளர்ந்து காய்க்கிறது. நுவரெலியா உயரத்தில் ஒரு வெரளுவையும் நான் கண்டதில்லை. ஹட்டனின் 4000 அடிக் குளிரில் கன்று உயிரோடு இருக்கும், காய்க்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். மழையும் புளிப்பு மண்ணும் அதற்குத் தாய்வீடு. ஒலிவுக்கு எதெல்லாம் விஷமோ அதெல்லாம் இதற்குச் சோறு.

இடம்தான் சிக்கல். வெரளு நாற்பது ஐம்பது அடி உயரும் மரம். 7 பேர்ச் என்பது வீடும் சேர்த்து ஏறக்குறைய 1900 சதுர அடி. வீட்டுக்கு மேற்புறச் சரிவில் வைத்தால் கூரைத் தகரத்துக்கு ஆபத்து, கீழ்ப்புறத்தில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு மனக்கசப்பு. சின்னதிலேயே தலையைக் கிள்ளி, பக்கக் கிளையாக வளர்த்து, பதினைந்து அடிக்குள் வைத்திருப்பதாக இருந்தால் மட்டும் சின்னக் காணியில் வையுங்கள். ஒட்டுக்கன்று கிடைத்தால் இன்னும் நல்லது, விதைக்கன்றை விடச் சீக்கிரம் காய்க்கும்.

காயை என்ன செய்வது என்று ரயிலில் அச்சாறு வாங்கித் தின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முற்றிய காயை அரை அவியலாக அவித்து, உள்ளங்கையால் அழுத்தி வெடிக்க விட்டு, உப்பு, கொச்சிக்காய்த் தூள், கொஞ்சம் சீனி, வினாகிரி போட்டுப் பிரட்டி ஒரு மணி நேரம் வைத்தால் அச்சாறு. ஒலிவ் காயை அப்படித் தின்ன முடியாது. மரத்திலிருந்து பறித்துக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும் கசப்பு. கீறி, நாள் தவறாமல் தண்ணீர் மாற்றி, பிறகு உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்தால்தான் வாயில் வைக்கலாம். எண்ணெய்க்கோ ஒரு லீற்றருக்கு ஐந்து கிலோ காயாவது வேண்டும், ஆட்ட ஆலையும் வேண்டும். வீட்டு மரத்தில் ஒலிவ் எண்ணெய் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

உயரத்தில் இருப்பவர்கள் காய்தான் வேண்டும் என்றால் வெரளுவும் வேண்டாம், ஒலிவும் வேண்டாம், பியர்ஸ் வையுங்கள். பண்டாரவளை, நுவரெலியாவில் அது தன்பாட்டில் காய்க்கிறது. நடு உயரத்தில் பட்டர் புரூட். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா?

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. குவைத்திலோ இத்தாலியிலோ ஒரு பிள்ளை இருக்கும், பெட்டிக்குள் ஒரு கன்றைச் சுருட்டி வரட்டுமா என்று கேட்கும். வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கன்றோ மண்ணோ கொண்டுவரக் கூடாது. கட்டுநாயக்காவில் இதற்கென்றே தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை இருக்கிறது.

சட்டம் கிடக்கட்டும், நம் மலையின் கதையையே பாருங்கள். 1869இல் கோப்பி இலையில் ஒரு பங்கசு தெரிந்தது. கொஞ்ச வருடத்தில் இங்கே கோப்பித் தோட்டம் என்று ஒன்று மிஞ்சவில்லை, நம் பாட்டன் பூட்டன் கோப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1946இல் கொப்புள நோய் வந்து தேயிலையைப் பிடித்தது. இத்தாலியின் தெற்கே புலியாப் பகுதியில் 2013இல் ஒலிவ் மரங்களில் சைலெல்லா என்ற பக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். நூற்றாண்டு கண்ட மரங்கள் இலட்சக்கணக்கில் நின்ற இடத்திலேயே காய்ந்தன. அந்தப் பக்டீரியா கோப்பியையும் பிடிக்கும். பெட்டிக்குள் வருகிற அரையடிக் குச்சியில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

இங்கேயே ஒருவரிடம் நல்ல மரம் இருந்தால் அதில் தண்டு வெட்டிக் கேளுங்கள். ஒலிவைத் தண்டில் வேர்பிடிக்க வைப்பது தேயிலைத் தவறணையில் (நாற்றுமேடையில்) வேலை செய்த கைக்குப் பெரிய விஷயமில்லை. அரை முற்றலான கிளையில் ஐந்தாறு அங்குலத் தண்டு, மேலே இரண்டு சோடி இலையை விட்டு மற்றதை உருவி, வேர்பிடிக்க வைக்கும் தூளில் தொட்டு மணல் கலந்த மண்ணில் ஊன்றி, பொலித்தீன் கூடாரம் போட்டு நிழலில் வைப்பது. தேயிலைக்கு ஒரு இலை, ஒரு கணு போதும். இதற்கு நாலைந்து கணு வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

அண்ணி என்ன செய்தார்

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்த வெரளுவ என்ன பண்றது, காசு குடுத்தது தானே" என்றார். அது இப்போது நாவலப்பிட்டியில் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த சரிவில் நிற்கிறது. தலை கிள்ளியாயிற்று, மூன்று பக்கக் கிளை விட்டிருக்கிறது.

ஹட்டனுக்கு நான் என் மரத்திலிருந்து ஐந்து தண்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். அண்ணியின் அம்மா இருபது வருடம் தவறணையில் தேயிலைத் தண்டு ஊன்றியவர். தண்டுகளைக் கையில் வாங்கி, என் வெட்டைப் பார்த்து, "இதென்ன தம்பி, கத்தி மொட்டையா?" என்று கேட்டுவிட்டு, ஐந்தையும் மறுபடி சாய்வாகச் சீவி ஊன்றினார். இரண்டு கறுத்துப்போயின. மூன்று பிடித்தன. ஒன்று அண்ணியின் தாழ்வாரத்தில், உயர்த்தி வைத்த செங்கல் மேல், ஆறு சோடி இலையோடு நிற்கிறது. தட்டு வைக்கக் கூடாது என்று மட்டும் இன்னும் வாரத்துக்கு ஒரு முறை போனில் சொல்ல வேண்டியிருக்கிறது.